வெண்டிலேட்டர் கற்றுக்கொண்ட விதம்: ஒரு மெடிசின் பி.ஜி.யின் அனுபவம்

எம்.டி. பொது மருத்துவம் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஐ.எம்.சி.யு. (மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங் வந்துவிடும். எங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விவசாயப் பகுதியில் இருக்கிறது. பூச்சி மருந்து குடித்தவர்கள், கட்டுவிரியன் கடித்தவர்கள், பீடி பிடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பெரியவர்கள், நிமோனியா முற்றி வந்தவர்கள் என்று வெண்டிலேட்டர் பெட்டுகள் நிறைந்தே இருக்கும். எம்.பி.பி.எஸ். படித்தபோது இந்த மெஷினைப் பற்றி அரைப் பக்கம் படித்திருந்தால் அதிகம். மூச்சுக்குழாயில் டியூப் போடக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். போட்ட பிறகு மெஷினில் என்ன வைப்பது என்று கேட்டால், சீனியர்களிடமிருந்து வாய்மொழியாக வருவது நான்கு எண்கள்: "டைடல் 450, ரேட் 16, பீப் 5, ஆக்சிஜன் 100." டைடல் என்பது ஒரு மூச்சில் போகும் காற்று, மி.லி.யில்; ரேட் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு; பீப் மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்; ஆக்சிஜன் சதவீதத்தில். ஆறடி ஆளுக்கும் அதுதான், ஒடிசலான பாட்டிக்கும் அதுதான்.

இதைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு நோட்டு போட்டு மோடுகளின் (மெஷின் காற்றைக் கொடுக்கும் முறைகளின்) பெயரை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்வது. இதில் எங்கேயும் போய்ச் சேர முடியாது என்பதற்குக் காரணம் கம்பெனிகள். மெஷின் தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, நாம் சொன்ன அளவு காற்றைக் கொடுக்கும் ஒரு மோடு இருக்கிறது. சர்வோ கம்பெனி மெஷினில் அதன் பெயர் பி.ஆர்.வி.சி., ஹாமில்டனில் ஏ.பி.வி., ப்யூரிட்டன் பென்னட்டில் வி.சி. பிளஸ். டிரேகரில் ஆட்டோஃப்ளோ என்று ஒரு பட்டனாக இருக்கும். நடுராத்திரியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாஸ்க் வைத்துக் கொடுப்பதைத்தான் எல்லோரும் பைபாப் என்கிறோம். டிரேகர் மெஷினிலோ டியூப் போட்ட நோயாளிக்கான அழுத்த மோடுக்கே அந்தப் பெயர். புது சி.ஆர்.ஆர்.ஐ.கள் (பயிற்சி மருத்துவர்கள்) அதைப் பார்த்துவிட்டு மாஸ்க் தேடுவார்கள்.

என் நோட்டைப் பார்த்த மயக்கவியல் அசிஸ்டெண்ட் மேடம் ஒருவர்தான் வழி காட்டினார். "மோடு பேரை மூடி வை. மூணே கேள்வி கேளு. மூச்சை யாரு ஆரம்பிக்கிறா? காத்து உள்ளே போறப்ப மெஷின் எதை விடாம பிடிச்சுக்குது? எதை வச்சு நிறுத்துது?"

வால்யூம் கண்ட்ரோலில் மூச்சை மெஷின் ஆரம்பிக்கும், நோயாளி இழுத்தால் அவரும் ஆரம்பிக்கலாம். மெஷின் பிடித்துக்கொள்வது காற்றின் ஓட்டத்தை. சொன்ன அளவு போய்ச் சேர்ந்ததும் நிறுத்தும். அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது நுரையீரலின் பாடு. பிரஷர் கண்ட்ரோலில் பிடித்துக்கொள்வது அழுத்தம், நிறுத்துவது நேரம். எவ்வளவு காற்று போகும் என்பதை நுரையீரல் தீர்மானிக்கும். பிரஷர் சப்போர்ட்டில் ஆரம்பிப்பது எப்போதுமே நோயாளிதான். உள்ளே போகும் ஓட்டம் அதன் உச்சத்தில் 25 சதவீதத்துக்கு இறங்கியதும் மெஷின் விட்டுவிடும். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் மற்ற மோடுகளில் பெரும்பாலானவற்றை இவற்றின் கலவையாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். நாம் எதைப் பிடித்து வைக்கிறோமோ அது திரையில் மாறாது. அதனால் நோயாளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நாம் பிடிக்காமல் விட்டதுதான் பேசும். வால்யூமில் வைத்தால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், பிரஷரில் வைத்தால் வால்யூமைப் பார்க்க வேண்டும். அலாரத்தையும் அதற்குத்தான் நெருக்கி வைக்க வேண்டும். பிரஷர் கண்ட்ரோலில் இருக்கும் நோயாளிக்கு டியூப் மெல்ல மெல்ல சளியில் அடைத்தால் அழுத்த எண் ஒரு பாயிண்ட்கூட நகராது. டைடல் வால்யூம் மட்டும் சத்தமில்லாமல் 400, 300, 200 என்று இறங்கிக்கொண்டிருக்கும். குறைந்த வால்யூம் அலாரத்தை யாராவது 50-ல் வைத்திருந்தால் கதை முடிந்தது.

காதால் கேட்டதைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் மனதில் நின்றது. டியூட்டி முடிந்த பிறகு, ஸ்டாண்ட்பையில் நிற்கும் மெஷினில் டெஸ்ட் லங்கை மாட்டி விளையாடுவேன். அந்த ரப்பர் பையைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டால் இறுகிய நுரையீரல் தயார். வால்யூம் கண்ட்ரோலில் அழுத்தம் எகிறும். பிரஷர் கண்ட்ரோலுக்கு மாற்றினால் வால்யூம் விழும். பேண்டை எடுத்துவிட்டு டியூபைப் பாதி மடக்கிப் பிடித்தால் உச்ச அழுத்தம் ஏறும். ஆனால் இன்ஸ்பிரேட்டரி ஹோல்டு பட்டனை அழுத்தி ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால் பிளாட்டோ அழுத்தம் பழைய இடத்திலேயே இருக்கும். பாடப்புத்தகத்தில் சமன்பாடாகப் போட்டிருப்பது இவ்வளவுதான். மெஷின் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு குழாயின் தடையைத் தாண்டச் செலவாகிறது, ஒரு பங்கு நுரையீரலை விரிக்கச் செலவாகிறது, அடியில் பீப் இருக்கிறது. உச்சம் 42, பிளாட்டோ 20 என்றால் கோளாறு வழியில்: சளி, மடங்கிய டியூப், பல்லால் கடிப்பது, மூச்சுக்குழாய் இறுக்கம். உச்சம் 42, பிளாட்டோ 38 என்றால் கோளாறு நுரையீரலிலோ அதைச் சுற்றியோ: நிமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது), நுரையீரல் நீர், வலது பக்கம் மட்டும் இறங்கிவிட்ட டியூப். அலாரம் அடித்ததும் ஹோல்டு பட்டனை அழுத்திப் பார்ப்பது அப்போது வந்த பழக்கம். சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) சட்டென்று விழுகிறது என்றால் அதற்கும் நேரமில்லை. மெஷினைக் கழற்றி ஆம்புவை (கையால் அழுத்தும் காற்றுப் பை) மாட்டி விட வேண்டியதுதான். கையில் இலகுவாகப் போனால் குற்றவாளி மெஷின்.

ஆம்பு அழுத்தும்போதெல்லாம் 1952 நினைவுக்கு வரும். கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுப் பையால் காற்றை அழுத்தும் முறையைப் பிளெக்டாம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். மெஷின்கள் போதவில்லை. சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையால் அழுத்தினார்கள். ஒரு நோயாளியை சி.டி. ஸ்கேன் வரை ஆம்பு அழுத்திக்கொண்டு போய்த் திரும்பினாலே எனக்கு விரல் மரத்துவிடும்.

ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களையே மெஷினில் மூச்சுவிடச் சொன்னார்கள். புது சர்க்யூட், ஃபில்டர், வாயில் மவுத்பீஸ், மூக்கில் கிளிப். வால்யூம் கண்ட்ரோலில் ஓட்டத்தை நிமிடத்துக்கு 30 லிட்டரில் வைத்தார்கள். நான் இழுக்கிறேன், காற்று வரவே மாட்டேன் என்கிறது. வேண்டிய அளவு கடைசியில் வந்து சேர்கிறதுதான், ஆனால் அதற்குள் உயிர் போய்விடும் போலிருக்கிறது. 60-க்கு ஏற்றியதும் அப்பாடா என்றிருந்தது. ட்ரிகரை (மெஷின் மூச்சைத் தொடங்க நாம் இழுக்க வேண்டிய அளவை) மைனஸ் 2-இலிருந்து மைனஸ் 8-க்கு மாற்றியபோது ஒவ்வொரு மூச்சுக்கும் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. "பேஷன்ட் மெஷினோட ஃபைட் பண்றார், மிடாஸ் போடுங்க" என்று மயக்க மருந்து கொடுக்க நாங்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! அழுத்த வளைவின் நடுவில் குழி விழுந்திருந்தால் அவருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். இப்போது முதலில் ஓட்டத்தைக் கூட்டிப் பார்க்கிறேன். மயக்க மருந்து அப்புறம்.

சரி, நோயாளிகளுக்கு வருவோம். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களுக்குக் கட்டுவிரியன் கடித்தவரைப் போல ஆசிரியர் கிடையாது. நுரையீரல் முழுக்க நன்றாக இருக்கும், தசைகள் மட்டும் வேலைநிறுத்தம். 18 வயதுப் பையன் ஒருவன், தரையில் படுத்திருந்தபோது கடித்திருக்கிறது. ரேட் 14 வைத்திருக்கிறோம், திரையில் 30 காட்டுகிறது. விரலைக்கூட அசைக்க முடியாதவன் எப்படி நிமிடத்துக்கு 16 மூச்சைத் தானாக எடுப்பான்? நான் திரையை முறைத்துக்கொண்டிருக்க, சிஸ்டர் வந்து, "சார், டியூப்ல தண்ணி நிக்குது" என்று சர்க்யூட்டைக் கழற்றி வடித்தார். ரேட் 14-க்கு வந்துவிட்டது. ஈரப்பதமூட்டியிலிருந்து சேர்ந்த தண்ணீர் குழாயில் அலையடிக்க, மெஷின் அதை நோயாளியின் இழுப்பு என்று நம்பியிருக்கிறது. ரேட் ஏறினால் வலியா, காய்ச்சலா என்று யோசிப்பதற்கு முன் குழாயைப் பார்ப்பது நல்லது.

அந்தப் பையனின் கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தன. கட்டுவிரியன் விஷத்தில் அப்படி ஆவதுண்டு. மூளைச்சாவு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு நினைவு இருக்கும், நாம் பேசுவது கேட்கும். பெட் அருகில் நின்று பேசுவதில் கவனமாக இருங்கள். "பயப்படாதே தம்பி, கை கால் திரும்ப வந்துடும்" என்று தினமும் சொல்வோம்.

பீடித் தாத்தாக்களின் கணக்கு நேர்மாறானது. அவர்களுக்குக் காற்று உள்ளே போவதில் பிரச்சினை குறைவு, வெளியே வருவதில்தான். ஒருநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன் பார்த்தால், ஒரு சி.ஓ.பி.டி. (புகையால் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாகக் குறுகும் நோய்) பெரியவருக்கு பிபி 70-க்கு இறங்கியிருக்கிறது, பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடுகிறது. ஏபிஜியில் (ரத்த வாயுப் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு கூடியிருந்ததால் ராத்திரி ரேட்டை 24-க்கு ஏற்றியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு மூச்சுக்கு இரண்டரை வினாடி. உள்ளே போக ஒரு வினாடி எடுத்தால் வெளியே வர ஒன்றரைதான் மிச்சம். ஓட்ட வளைவைப் பார்த்தால், வெளிமூச்சு பூஜ்யத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு ஏறுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்கு ரத்தம் திரும்ப முடியாமல் போயிருக்கிறது. சர்க்யூட்டைக் கழற்றி நெஞ்சை மெல்ல அழுத்தினோம். புஸ்ஸென்று காற்று வந்துகொண்டே இருந்தது, பிபி 100-ஐத் தாண்டியது. பிறகு ரேட்டை 12 ஆக்கி, உள்மூச்சு நேரத்தை 0.8 வினாடியாகக் குறைத்தோம். இப்போது வெளியே வர நாலு வினாடிக்கு மேல் கிடைக்கிறது. மறு ஏபிஜியில் கார்பன் டை ஆக்சைடும் இறங்கியிருந்தது. ரேட்டைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்பதை என் நோட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த 450-க்குத் திரும்ப வருகிறேன். ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் (நுரையீரல் முழுக்க அழற்சியில் நீர் கோத்து இறுகும் நிலை) இருந்த ஓர் அம்மா, எடை 78 கிலோ, உயரம் 152 செ.மீ. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது, அது உயரத்தோடு போகிற உறுப்பு. அதனால் உயரத்திலிருந்து கணிக்கும் எடையைத்தான் எடுக்க வேண்டும். பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50. அதோடு உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேல் வரும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்ட வேண்டும். அந்த அம்மாவுக்கு 45 கிலோ வந்தது. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 270. எங்கள் 450 என்பது கிலோவுக்கு 10 மி.லி. 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் ஆய்வில் 861 நோயாளிகளைப் பிரித்து 12 மி.லி.யையும் 6 மி.லி.யையும் ஒப்பிட்டார்கள். இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை, ஒரு எண்ணைத் திருகியதுதான். பிளாட்டோவை 30-க்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகக் கார்பன் டை ஆக்சைடு ஓரளவு ஏறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும், ரேட் 35 வரை போகலாம். ஐ.எம்.சி.யு.வுக்கு என்று ஒரு டெய்லர் டேப் வாங்கி வைத்தேன். மெஷின் பல லட்சம், டேப் பத்து ரூபாய். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் உயரம் எழுதாமல் டைடல் வைப்பதில்லை என்று ஏற்பாடு.

மெஷினில் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பொறுமை கேட்கும் வேலை. பிரஷர் சப்போர்ட் 7, பீப் 5 மட்டும் வைத்து, அரை மணி நேரம் தானாக மூச்சுவிட விடுவோம். மூச்சு எண்ணிக்கையை லிட்டரில் சொன்ன டைடலால் வகுத்துப் பார்ப்போம். 24 மூச்சு, 400 மி.லி. என்றால் 60. 36 மூச்சு, 250 மி.லி. என்றால் 144. 1991-இல் யாங்கும் டோபினும் சொன்ன எல்லை 105; அதற்குக் கீழே இருந்தால் இறக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பூச்சி மருந்து நோயாளிகளிடம் இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. குடித்த முதல் நாள் தப்பித்தவருக்கு, 24-இலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவது உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து வினாடி நிறுத்த முடிகிறதா என்று பார்ப்போம். எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், தலை தூக்க முடியாதவருக்கு டியூபை எடுப்பதில்லை.

எஸ்.ஐ.எம்.வி.யில் (குறித்த எண்ணிக்கை மூச்சை மெஷின் கொடுத்து, மற்றதை நோயாளியிடம் விடும் மோடு) போட்டு ரேட்டை 12, 10, 8 என்று நாளுக்குக் கொஞ்சமாகக் குறைக்கும் வழக்கம் எங்கள் யூனிட்டில் இன்னும் உண்டு. 1995-இல் எஸ்டெபன் குழு ஸ்பெயினில் செய்த ஆய்வில், தினம் ஒருமுறை நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பது அந்த வழியைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாக இருந்தது. இதை ரவுண்ட்ஸில் சொன்னேன். சீஃப் கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, உன் பெட்ல செஞ்சு பாரு, மத்த பெட்டைத் தொடாதே" என்றார். என் பெட்டுகளில் காலை ஏழு மணிக்கு மயக்க மருந்தை நிறுத்தித் தானாக மூச்சுவிட வைத்துப் பார்க்கிறோம். பக்கத்து பெட்டுகளில் எஸ்.ஐ.எம்.வி. தொடர்கிறது. ஏ.பி.ஆர்.வி., ஏ.எஸ்.வி. என்ற மோடுகள் இரண்டையும் நான் இன்னும் தொடவில்லை. அடுத்த போஸ்டிங் மயக்கவியல் ஐ.சி.யு.வில், அங்கே மேடத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.