விடியும் மட்டும் ஓடும் ரெக்கோடர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் கூத்து அரங்கேற்றத்தைப் பதியக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி மெமரி காட் வாங்க வேணும்?" என்றுதான். பெருக்கல் தெரிந்தால் பதில் சொல்லிவிடலாம். விநாடிக்கு ஒலியை எத்தனை தடவை அளக்கிறோம் (இந்த அளவுகள்தான் மாதிரிகள்), ஒரு மாதிரிக்கு எத்தனை பைட், எத்தனை சானல், அவ்வளவுதான். நான் வழக்கமாக வைப்பது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. 48,000 மாதிரி, தலா 3 பைட், 2 சானல்: விநாடிக்கு 288,000 பைட். மணிக்கு 1.04 ஜிபி. சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட்டில் பதிந்தால் 635 எம்பி போதும்.

அப்படியென்றால் 16 பிட்டிலேயே பதியலாமே என்பார்கள். கேட்பதற்கு அது தாராளம். பதிவதுதான் வேறு கதை. பாத்திரம் களத்துக்குள் வரும் வரவு ஆட்டத்தில் மத்தளம் எந்த இடத்தில் ஓங்கி விழும் என்று தெரியாது. அதனால் ஒலியளவைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். பிறகு உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே எழும்பிவிடக் கூடாது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம், கூடுதலான 8 பிட்டும் அந்த இடைவெளியைத் தருகின்றன. அதற்கு மணிக்கு 350 எம்பி போனால் போகட்டும்.

உண்மையில் கணக்கு இடறுவது மணி நேரத்தில்தான். கூத்து எத்தனை மணி நேரம் என்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டால், "அது விடிஞ்சாத்தான் தெரியும் மனே" என்பார். நோட்டீசில் இரவு 8 மணி என்றிருக்கும். கூத்தாடும் களரியில் விளக்கு சரிவந்து, பேச வந்தவர்கள் பேசி முடிய 10 ஆகிவிடும். ராசா கொலுவுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் மாலை போட ஆட்டம் நிற்கும். மழை தூறினால் இன்னும் கொஞ்சம் நிற்கும். சுருக்காத பதிவுக்கு மத்தள அடியும் ஒன்றுதான், வெறும் களரியும் ஒன்றுதான். இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கும். ஃபிளாக் போல இழப்பில்லாமல் சுருக்கும் வடிவங்களில் அமைதியான பகுதி சிறுத்துவிடும், நான் பதியும் சுருக்காத வேவ் கோப்பில் அந்தச் சலுகை இல்லை.

அப்போ இடையில் நிறுத்தி வைக்கலாமே? நான் நிறுத்துவதில்லை. அடுத்த தரு, அதாவது கூத்துப் பாட்டு, எப்போது எடுக்கப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முதல் அடி போனால் போனதுதான். தவிர, அந்த இடைவெளியில் அண்ணாவியார் தாளத்தைத் திருத்துவதும், பிற்பாட்டுக்காரர் ஒரு வரியை நினைவுபடுத்திக்கொள்வதும் பின்னால் கூத்தைப் படிக்கிறவர்களுக்குப் பாட்டைவிடப் பெறுமதியாக இருக்கலாம். ஆகவே கூத்தின் நீளத்தை விட்டுவிட்டு, மைக் கட்டும் நேரத்திலிருந்து விடியும் வரைக்கும் எண்ணுகிறேன். 10 மணி நேரம், 10.4 ஜிபி.

நடுவில் ஒரு வெட்டும் உண்டு. சாதாரண வேவ் கோப்பு தன் அளவை 32 பிட் எண்ணில் எழுதி வைப்பதால் 4 ஜிபிக்கு மேல் வளராது. நான் வைக்கும் அமைப்பில் அது 4 மணி 8 நிமிடம். இரவு 9 மணிக்குத் தொடங்கினால், அதிகாலை ஒரு மணி தாண்டியதும் ரெக்கோடர் தானாகவே புதிய கோப்புக்குப் போகும். சில கருவிகள் 2 ஜிபியிலேயே வெட்டும். இரண்டு கோப்பும் சேருமிடத்தில் ஒன்றும் விடுபடவில்லையா என்று புதுக் கருவியை வீட்டில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே களரிக்குக் கொண்டுபோவேன்.

32 ஜிபி காட்டை விண்டோஸ் கணினி 29.8 என்று காட்டும். கடைக்காரரைத் திட்டத் தேவையில்லை. தயாரிப்பாளர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது.

இதோடு பிரதிகளையும் சேர்க்க வேண்டும். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்த கரை இது. ஒரு ஹார்ட் டிஸ்க் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், இன்னொன்று வாவிக்கு அப்பால். ஆக ஓர் இரவுக்கு 21 ஜிபி. கூத்துக்குழுச் செயலாளர் நீட்டும் 8 ஜிபி பென்டிரைவில் ஒரு பிரதிகூட அடங்காது. அவருக்கு 128 கிலோபிட் எம்பி3, 576 எம்பி. அதையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்.