குண்டு எவ்வளவு உள்ளே? .30-06 நாட்குறிப்பு

3 மார்ச் 2024, ஞாயிறு

தோட்டாவை நானே கட்டுகிறேன்: பித்தளைக் கூட்டில் மருந்து போட்டு, அதன் வாயில் குண்டைச் செருக வேண்டும். எவ்வளவு ஆழம் செருகுவது என்பதுதான் கேள்வி. ரைஃபிள்: ரூகர் நம்பர் 1, தோட்டா வகை .30-06. லீவரை இறக்கினால் பிரீச் பிளாக் (குழலின் பின்வாயை மூடும் கட்டை) கீழே இறங்கும். ஒரே தோட்டாவைக் கையால் உள்ளே விட்டு மூட வேண்டும். மேகசின் இல்லாததால், தோட்டா அதற்குள் அடங்க வேண்டுமே என்ற கவலையும் இல்லை. இந்தத் தோட்டாவுக்கு சாமி வைத்திருக்கும் உச்ச நீளம் 3.340 இன்ச். (கோயில் சாமி இல்லை, அமெரிக்காவில் தோட்டா அளவுகளை வகுக்கும் அமைப்பு.) இந்த ரைஃபிளில் அதைத் தாண்டலாம். எதுவரை என்பதைக் குழலிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை: தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, பிளாக்கை மூடு. தட்டை நுனி மாட்டிய கிளீனிங் ராடைக் குழல் வாயிலிருந்து விட்டு, பிளாக்கில் முட்டியதும் வாய் மட்டத்தில் ராடின் மேல் பிளேடால் மெல்லிய கோடு. பிளாக்கைத் திற. வெறும் குண்டை அறைக்குள் விட்டு, ரைஃபிளிங்கில் (குழலின் உட்புறம் சுற்றிச் செல்லும் வரிகள்) தட்டும் வரை பென்சிலால் தள்ளிப் பிடி. ராடு குண்டின் நுனியைத் தொட்டதும் இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைவெளிதான் 'தொடும் நீளம்'. ஐந்து முறை எடுத்ததில் 3.400 இன்ச் நிலையாக வந்தது. பென்சிலை அழுத்தினால் குண்டு ரைஃபிளிங்குக்குள் ஏறிவிடும், அளவு பொய்யாகிவிடும். தட்டும் இடத்தில் நிறுத்தத் தெரிவதுதான் இதில் கைப்பழக்கம்.

6 மார்ச், புதன்

3.400 நுனி வரைக்குமான கணக்கு. ஒரே பெட்டிக் குண்டுகளிலேயே நுனி 0.010 இன்ச்சுக்கு மேலும் ஏறி இறங்கும். ரைஃபிளிங்கைத் தொடுவது நுனி இல்லை, குண்டின் வளைவில் கொஞ்சம் பின்னால் இருக்கும் இடம். அதனால் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத டம்மி ஒன்றை, ராடால் அளந்த அதே குண்டை வைத்து 3.400-க்குக் கட்டி, வெர்னியரில் கம்பேரட்டர் (நுனியை விட்டு, குண்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள துணைக்கருவி) மாட்டி அளந்து வைத்தாயிற்று. இனி எல்லா அளவும் இந்த எண்ணிலிருந்து பின்னோக்கித்தான். அடுத்தவர் கம்பேரட்டரின் எண் நமக்கு உதவாது. துளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும்.

10 மார்ச், ஞாயிறு

ரைஃபிளிங் பக்கத்தில் போகும் ஆசைக்குக் கடிவாளம் போடுவது கூட்டின் கழுத்து. கணக்கு: ட்ரிம் செய்த கூடு 2.484, குண்டின் நீளம் 1.210, அதில் படகுவால் (பின்பக்கம் குறுகிப் போகும் பகுதி) 0.160. மொத்தம் 3.400 என்றால் வெளியே 0.916, உள்ளே 0.294. வாலைக் கழித்தால் கழுத்து பிடித்திருப்பது 0.134 மட்டும். குண்டின் விட்டம் 0.308, குறைந்தது அவ்வளவாவது கழுத்து பிடிக்க வேண்டும் என்பது பழைய விதி. படகுவால் குண்டுகளில் ஃபாக்டரித் தோட்டாவே அந்த விதிக்கு அடங்குவதில்லை. ஆனாலும் 0.134 ரொம்பக் குறைவு. கை பட்டாலே குண்டு சாய்ந்துவிடும். தொண்டை (அறைக்கும் ரைஃபிளிங்குக்கும் இடைப்பட்ட பகுதி) நீளமான குழலுக்குத் தட்டை அடிக் குண்டு வாங்குவதே என் சிபாரிசு.

தாவல் (ரைஃபிளிங்கைத் தொடும் முன் குண்டு ஓடும் தூரம்) அதிகமானால் குறி கெட்டுவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. வெதர்பி ரைஃபிள்கள் வேண்டுமென்றே நீளமான தொண்டையோடு வருகின்றன. அவையும் நன்றாகவே சுடும்.

13 மார்ச், புதன்

சீட்டிங் டையை (குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் அச்சு), ராமில் (கூட்டை மேலே ஏற்றும் தண்டு) ஏற்றிய கூட்டில் தட்டும் வரை இறக்கி, ஒரு சுற்று பின்வாங்கிப் பூட்டினேன். இல்லாவிட்டால் டை கழுத்து வாயை நெரித்துவிடும். வாயின் உட்புறம் சாம்ஃபர் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) செய்யாத ஒரு கூட்டில் குண்டின் செம்பு உறை சுருளாகச் சீவி வந்தது. குண்டில் வளையத் தழும்பு தெரிந்தால், டைக்குள் குண்டை அழுத்தும் ஸ்டெம் அதன் வளைவுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆழமும் குண்டுக்குக் குண்டு மாறும். மருந்து கூட்டில் நெருக்கமாக நிரம்பினால் ராத்திரிக்குள் குண்டை மேலே தள்ளிவிடும். காலையில் மறுபடி அளக்காமல் சுடப் போவதில்லை.

17 மார்ச், ஞாயிறு

சோதனை: பெர்கர் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் வரிசை. ரைஃபிளிங்கிலிருந்து 0.010, 0.050, 0.090, 0.130 பின்னால், ஒவ்வொன்றுக்கும் 6 தோட்டா, மொத்தம் 24, மூன்று மூன்றாகச் சுட வேண்டும். மருந்து, ப்ரைமர், கூடு எதையும் மாற்றக் கூடாது. மருந்து அளவு மேனுவலின் தொடக்க அளவுதான். ரைஃபிளிங் பக்கம் போகப் போக அழுத்தம் ஏறும்: ஓடி வந்து நுழைய இடம் இல்லாமல் குண்டு நின்ற இடத்திலேயே ரைஃபிளிங்கைக் கடிக்க ஆரம்பிக்கிறது. உச்ச அளவு மருந்தோடு ஆழத்தை மட்டும் மாற்றுவது முட்டாள்தனம்.

முழுச் செம்புக் குண்டு என்றால் 0.050-இல் தொடங்கலாம், அவை ரைஃபிளிங்கை ஒட்டி இருப்பதை விரும்புவதில்லை.

இன்னொன்று, இலக்கில் விழுந்த துளைகளின் குழு மேலும் கீழுமாக நீண்டால் ஆழத்தைக் குறை சொல்வதற்கு முன் முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டை) திருகைப் பார்க்க வேண்டும். நம்பர் 1-இல் முன்கட்டை குழலுக்கு அடியில் நீளும் ஹேங்கரில் தொங்குகிறது. திருகின் இறுக்கம் மாறினால் குறி மாறும்.

24 மார்ச், ஞாயிறு

0.010 தோட்டாக்களில் ஒன்றுக்கு பிளாக் முழுதாக ஏறவில்லை. லீவரை அழுத்தி மூட முயலாமல் வெளியே எடுத்தேன். போல்ட் ரைஃபிளைப் போல நீளமான தோட்டாவை முன்னே தள்ளிச் செருகும் பலம் இந்த பிளாக்குக்குக் கிடையாது. எடுத்தபோது குண்டு ரைஃபிளிங்கில் நின்றுவிட்டது, வெறும் கூடு கையில் வந்தது, மருந்து ட்ரிகர் இருக்கும் பள்ளம் வரை கொட்டியது. குண்டை ராடால் பின்னுக்குத் தள்ளி எடுத்து, ஆக்‌ஷன் முழுவதையும் துடைத்து முடிக்கும்வரை அடுத்த தோட்டாவைத் தொடவில்லை. அளந்து பார்த்தால் அந்தத் தோட்டா மட்டும் நீளம். குண்டு கழுத்தில் தளர்வாக இருந்திருக்கிறது.

0.050-உம் 0.090-உம் ஏறக்குறைய ஒரே மாதிரி. எடுத்துக்கொண்டது 0.050. சுடச் சுடத் தொண்டை தேய்ந்து ரைஃபிளிங் முன்னே விலகும். தாவல் தானாக 0.090 பக்கம் நகரும். நல்ல இடைவெளியின் 0.050 முனையில் தொடங்கினால் தேய்ந்து நகர நிறைய இடம் இருக்கிறது. பெட்டியில் ஒட்டியது: கம்பேரட்டர் எண், தாவல் 0.050, தேதி. 300 தோட்டா கழித்து ராடு மறுபடி.