மெய்ப்புப் பணிக்கு ஒரு மடிக்கணினி: கீல், திரை, விலை

தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் என் தொழில் என்பதால், நாளின் பெரும்பகுதி மடிக்கணினியின் முன்னால்தான் கழிகிறது. 2017ஆம் ஆண்டு வாங்கிய பழைய கணினியின் வலப்பக்கக் கீல், அது திருகப்பட்டிருந்த பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பெயர்ந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. என்னிடமிருந்த ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸரோ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இல்லை. எனவே பழுதுபார்ப்பதை விட்டுவிட்டு, 75,000 ரூபாய்க்குள் ஒரு புதிய கணினியைத் தேடத் தொடங்கினேன். பார்க்க நன்றாக இருக்க வேண்டும், ஆறேழு ஆண்டுகள் உழைக்க வேண்டும், கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற மூன்றையும் நான் சம அளவில் விரும்பினேன்.

கடைகளுக்குப் போவதற்கு முன்பு, சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் சென்று பேசினேன். விற்பவரைவிடப் பழுதுபார்ப்பவருக்கே ஒரு பொருளின் ஆயுள் தெரியும் என்பது என் நம்பிக்கை. "கம்பெனி பேரைப் பாக்காதீங்க சார், ஹிஞ்ச் எதுல நிக்குதுன்னு பாருங்க" என்றார் அவர். தம் மேசையில் திறந்து கிடந்த ஒரு கணினியைக் காட்டி விளக்கவும் செய்தார். விலை குறைந்த பல கணினிகளில், கீலின் உலோகத் தகடு பிளாஸ்டிக் உடலில் பதிக்கப்பட்ட சிறு பித்தளை மரைகளில் திருகப்படுகிறது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரைகள் இழுபடுகின்றன. காலப்போக்கில் கீல் இறுகிவிட்டால், இழுவிசை முழுவதையும் தாங்க முடியாமல் பிளாஸ்டிக் பிளந்துவிடுகிறது. திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேர்கிறது. அதன் பிறகு எந்தக் கடைக்குச் சென்றாலும் மூடியை மெதுவாகத் திறந்து, கீலுக்கு அருகே உடல் நெளிகிறதா, விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் குழிகிறதா, அடிப்பகுதி சாதாரணத் திருகுகளால் மூடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன்.

இராணுவத் தரம் என்று பல பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்னும் ஆவணத்தைக் குறிக்கிறது. அதன் எச் பதிப்பு 2019இல் வெளிவந்தது. வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, தூசி, அதிர்ச்சி முதலியவற்றுக்கான சோதனை முறைகளை அது விவரிக்கிறதே தவிர, எந்தக் கணினிக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. அவற்றுள் எந்தெந்தச் சோதனைகளை நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த வாசகம் இருப்பது நல்லதுதான் என்றாலும், அதை மட்டும் நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பயனுள்ள ஒரு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் பராமரிப்புக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பேட்டரி திருகுகளால் பொருத்தப்பட்டுள்ளதா பசையால் ஒட்டப்பட்டுள்ளதா, விசைப்பலகையைத் தனியாக மாற்ற முடியுமா, ரேமுக்கு (நினைவகத்துக்கு) மாற்றக்கூடிய தனி இடம் உண்டா என்பனவற்றையெல்லாம் படங்களோடு அவற்றில் காணலாம். வாங்கும் எண்ணம் வந்த ஒவ்வொரு மாடலுக்கும் அந்தக் கையேட்டைப் பதிவிறக்கிப் படித்தேன். விளம்பரங்கள் சொல்லாதவை அங்கேதான் கிடைத்தன.

அடுத்தது திரை. நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். தமிழ் எழுத்துகளைப் படிப்பவருக்குத் திரையின் கூர்மை ஆங்கிலத்தில் வேலை செய்பவரைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கெ, கே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொம்பில் இருக்கும் ஒரு சிறு சுழிதான். க, க் இரண்டையும் பிரிப்பது ஒரு புள்ளிதான். பத்துப் பாயிண்ட் அளவு எழுத்தில், ணகர னகரங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு பக்கத்தைத் தயாரித்துப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, கடைக்காரர் அனுமதித்த இடங்களிலெல்லாம் திறந்து பார்த்தேன். 15.6 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 141 படப்புள்ளிகள் வருகின்றன. 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் ஏறத்தாழ 162. இந்த வேறுபாடு எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும், கொம்பின் சுழி அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது கண்ணுக்கு உடனே தெரிந்தது. 16:10 விகிதத் திரையில் உயரம் கூடுவதால் நூலின் பக்கத்தில் இன்னும் சில வரிகள் கண்ணுக்குள் அடங்குகின்றன என்பது மற்றொரு வசதி.

வண்ணத்தைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது. திரை காட்டக்கூடிய வண்ணங்களை அளக்கும் என்டிஎஸ்சி அளவுகோலில் 45 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தத் திரை, கணினிப் படங்களுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுமையாகக் காட்டாது. சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். நூலட்டைகளைப் பார்க்க வேண்டிய எனக்கு அது சரிவராது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் அழகை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கருமையின் ஆழத்தில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் நாள் முழுவதும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு அவை மின்சாரத்தை அதிகம் எடுக்கின்றன. நான் பார்த்தவற்றின் பளபளப்பான பரப்பில் என் வீட்டுச் சன்னல் முழுவதும் பிரதிபலிக்கும் என்றும் தோன்றியது. எனவே பின்னொளியில் இயங்கும், பளபளப்பற்ற ஐபிஎஸ் வகைத் திரை என்று முடிவு செய்தேன்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, அந்த விலையில் வெள்ளி நிறத்தில் மின்னிய பல கணினிகள் அலுமினியம் போல வண்ணம் பூசப்பட்ட பிளாஸ்டிக்கே என்பது தொட்டவுடன் தெரிந்தது. ஆப்பிளின் மேக்புக் ஏரின் உடல் உண்மையான அலுமினியம். அதன் கட்டமைப்பைக் கையில் எடுத்தவர் எவரும் மதிப்பர். ஆனால் 2025இல் வந்த எம்4 சில்லு கொண்ட ஏரின் தொடக்க விலை இந்தியாவில் 99,900 ரூபாயாக இருந்தது, அதன் நினைவகத்தைப் பின்னால் கூட்டவும் முடியாது. என் மனம் நாளுக்கு நாள் கறுப்பு நிறத் திங்க்பேட் வகை மடிக்கணினியின் பக்கமே சாய்ந்தது. ரிச்சர்ட் சாப்பர் என்னும் வடிவமைப்பாளர் ஜப்பானிய உணவுப் பெட்டியை மனத்தில் கொண்டு வரைந்த அந்த வடிவம், 1992இல் ஐபிஎம் வெளியிட்டதிலிருந்து, 2005இல் லெனோவோவுக்குக் கைமாறிய பிறகும் பெரிதாக மாறவில்லை. மூடினால் அலங்காரமற்ற கறுப்புப் பெட்டி, திறந்தால் விசைகளின் நடுவில் சுட்டியை நகர்த்த ஒரு சிவப்புக் குமிழ். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சலிக்காத வடிவம் இன்னும் ஏழு ஆண்டுகளில் எனக்குச் சலிக்காது என்று எண்ணினேன்.

பிராசஸர் பெயர்களில் எச்சரிக்கை வேண்டும். சில்லு நிறுவனமான ஏஎம்டியின் 7000 வரிசையில் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் உடன்பிறப்புகள் போல் ஒலித்தாலும், முதலாவது ஜென் 2, இரண்டாவது ஜென் 3, மூன்றாவது ஜென் 4 என்று வெவ்வேறு தலைமுறைக் கட்டமைப்பைச் சேர்ந்தவை. அந்தத் தலைமுறையைச் சொல்லும் மூன்றாம் இலக்கத்தைப் பார்க்காமல், ரைசன் 5 என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் பல ஆண்டுகள் பழைய வடிவமைப்புக்குப் புதிய விலை கொடுக்க நேரிடும்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததால் மடிக்கணினியும் மலிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்த பலர் எதிர்பார்த்தார்கள். பெரிய தொலைக்காட்சிகள், ஏசிகள் போன்றவைதான் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கின. மடிக்கணினிக்கு முன்பிருந்தே 18 சதவீதம்தான். அந்த ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. இன்னும் காத்திருந்தால் விலை குறையும் என்ற எண்ணத்தை அதோடு கைவிட்டேன்.

முடிவில் திங்க்பேட் இ14இன் ஆறாம் தலைமுறையைத் தேர்ந்தெடுத்தேன். ரேமுக்கு இரண்டு இடங்கள், சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு இரண்டு இடங்கள், பசையால் ஒட்டாத பேட்டரி, டைப்-சி வழியாக மின்னேற்றம் ஆகியவை என் கணக்கில் அழகைவிடக் கனமானவை. இதே பெயரில் 45 சதவீத என்டிஎஸ்சி திரையோடும் முழு எஸ்ஆர்ஜிபி திரையோடும் வெவ்வேறு கணினிகள் விற்கப்படுகின்றன என்பதால், கடையில் இருந்ததை எடுக்காமல், 14 அங்குல, 2240×1400 திரையை நானே குறித்து ஆர்டர் கொடுத்தேன். அங்குலத்துக்கு 189 படப்புள்ளிகள். 16 ஜிபி ரேமை ஒரே பட்டையாகக் கேட்டு, மற்றோர் இடத்தைக் காலியாக விட்டேன். மிஞ்சிய பணத்தை, வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் மூன்றாண்டு வாரண்டிக்குச் செலுத்தினேன்; வேலையை நிறுத்திவிட்டுச் சேவை மையத்தில் கணினியை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது என்னைப் போன்ற தனித்தொழில் செய்பவர்களுக்கு வருமான இழப்பு.

கணினி கைக்கு வந்ததும், பெட்டியிலிருந்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, வாரண்டி தொடங்கும் தேதியும் பில்லில் உள்ள தேதியும் ஒன்றா என்று பார்த்தேன். திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றி வைத்து, இறந்த படப்புள்ளி எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே இருப்பதால் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்குமாறு அமைத்தேன். பிறகு தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்து, பாதியில் நின்றிருந்த நூலின் மெய்ப்பைத் தொடர்ந்தேன்.