ஸ்பெக்ட்ரமில் கேசட் ஏற்றுவது: ஹெட் திருகு வரை வந்தாயிற்று

பெரியப்பா கொடுத்த 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் (1980களின் வீட்டுக் கணினி, நிரல்களை ஒலியாகக் கேசட்டிலிருந்து படிக்கும்) ஒருவழியாகக் கேசட்டிலிருந்தே நிரல் ஏறிவிட்டது. இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கேசட்டை ஒதுக்கிவிட்டு, கணினி நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். எமுலேட்டரில் (ஸ்பெக்ட்ரம் போலவே நடக்கும் மென்பொருள்) ஓடும் டிஇசட்எக்ஸ் கோப்பு (ஸ்பெக்ட்ரம் கேசட்டின் டிஜிட்டல் பிரதி) ஒன்றை வேவ் ஒலியாக மாற்றி, லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமில் கேசட் ஒலியை வாங்கும் இயர் துளைக்கு அனுப்பினேன். வயர் இங்கே சிங்கப்பூரில் சிம் லிம் டவரில் வாங்கியது. ஜே விசையைத் தட்டினால் லோட் என்று வரும். அப்புறம் இரண்டு மேற்கோள் குறி, என்டர். ஒலியை நன்றாகக் கூட்டியதும் திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள், பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். நிரல் ஏறியது. ஆக, சிக்கல் கேசட் பிளேயர் பக்கம்தான்.

பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தும் 'டேப் லோடிங் எரர்' போகவில்லை. காரணம் ஹெட்டின் சாய்வு. ஸ்பெக்ட்ரமில் 0 என்பது சுமார் 2,050 ஹெர்ட்ஸில் ஒரு அலை, 1 என்பது அதில் பாதி அதிர்வெண்ணில் ஒரு அலை. அலை எவ்வளவு நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று அளந்துதான் கணினி இரண்டையும் பிரிக்கிறது. ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதிர்வெண் கூடிய ஒலிகள் மங்கிவிடும். முதலில் அடிபடுவது அந்தக் குட்டி அலைகள்தான். ஒவ்வொரு தரவுத் தொகுதியின் முடிவிலும் பிழை பார்க்க ஒரு சரிபார்ப்பு பைட் உண்டு, அது ஒத்துவராவிட்டால் மொத்தமும் வீண்.

ஹெட்டின் இருபுறமும் திருகு உண்டு. அதில் ஸ்பிரிங் உள்ளதை மட்டும், டேப் ஓட ஓட மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் இம்மியளவு திருப்ப வேண்டும். கம்மிய இரைச்சல் ஓரிடத்தில் சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்தியதும் நிரல் ஏறியது. கடையில் வாங்கிய கேசட்டுக்குச் சரியான சாய்வு, பெரியப்பா தன் பிளேயரில் பதிவு செய்ததற்குச் சரிவரவில்லை. கேசட் மாறினால் காதைத் தீட்டிக்கொண்டு மறுபடியும் திருக வேண்டியதுதான். ஒலியளவோடு மல்லாடுவதைவிட இதற்குத்தான் பலன் அதிகம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் சில கேசட்டுகளின் நாடா விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறது. அவற்றை இப்போது ஓட்டப் போவதில்லை. ஹெட்டில் ஒட்டி நல்ல கேசட்டுக்கும் பரவும்.

அடுத்த வேலை, மற்றவற்றை வேவ் கோப்பாகப் பதிவு செய்து டிஇசட்எக்ஸாக மாற்றுவது. எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது அலையின் வடிவம் கெடும். பெரியப்பா தானே பேசிக் மொழியில் எழுதிய நிரல்கள் இருக்கும் கேசட்டைத்தான் முதலில் எடுக்கிறேன். விளையாட்டுகள் இணையத்தில் கிடைக்கும், இவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.