ஹெர்னியா ஆபரேஷன்: ஓபி சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்

ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. படுத்தி எடுத்தது காகித வேலைதான்.

வலது தொடையிடுக்கில் வீக்கம். இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். வாய்வு என்றார் சித்தப்பா. மருந்துக்கடைக்காரர் ஒரு பெல்ட்டைத் தலையில் கட்டினார். பெல்ட் வீக்கத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை அது மூடாது.

சர்ஜன் இருமச் சொல்லி, கை வைத்துப் பார்த்தே ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று சொல்லிவிட்டார். தொந்தரவு இல்லாத ஆண்கள் கவனித்தபடி காத்திருக்கலாமாம். பெண்களுக்கு அங்கே வீக்கம் வந்தால் தள்ளிப்போடுவதில்லை; குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். "உள்ளே போகாம இறுகி, வலியோட வாந்தி வந்தா ராத்திரின்னு பார்க்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு வாங்க. குடலுக்கு ரத்தம் போகாம அழுகிடும்" என்றார்.

எனக்கு மாடி ஏறினாலே இழுத்தது. தேதி வாங்கிவிட்டேன். ரத்தம், ஈசிஜி, மயக்க டாக்டர் எல்லாம் ஒரே காலையில் முடிந்தன.

அப்புறம்தான் இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு 2 வருடக் காத்திருப்பு உண்டு; அதற்குள் ஆபரேஷன் என்றால் பணம் தர மாட்டார்கள். நான் பாலிசி எடுத்து இரண்டரை வருடம் ஆகியிருந்ததால் தைரியமாக இருந்தேன். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, மறுப்பு! ஓபி சீட்டில் பயிற்சி டாக்டர் '3 மாதமாக வீக்கம்' என்பதை '3 வருடமாக' என்று எழுதியிருக்கிறார். பாலிசிக்கு முன்பே இருந்த நோயை நான் மறைத்தேனாம். காப்பீட்டு மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டாக்டர் எழுதினதை நாங்க மாத்த முடியாது சார்" என்றார். சர்ஜனோ தியேட்டருக்குள்.

வழி சொன்னவர் வார்டு சிஸ்டர். சீட்டில் அடித்துத் திருத்தினால் சந்தேகம்தான் கூடும்; சர்ஜனின் லெட்டர்பேடில் தனி விளக்கம், கையெழுத்து, சீல், பதிவு எண்ணோடு வாங்குங்கள் என்றார். அதை அனுப்பிய அன்று மாலையே அனுமதி வந்தது. மேசைக்காரருக்கு இது தெரியாதா என்ன?

முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையை அடைக்க செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். அன்றிரவு சிறுநீர் பிரியாமல் டியூப் போட வேண்டியதாயிற்று. இப்படி ஆகலாம் என்று ஒருவரும் முன்னால் சொல்லவில்லை. விதைப்பை வீங்கிக் கறுத்ததும் பதறிப்போனேன். லேசான ரத்தக் கசிவு, தானாக வற்றிவிடும் என்றார்கள், வற்றியது. வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே காட்ட வேண்டும். மலம் இளக்கும் சிரப் எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் முக்கும்போது அதன் அருமை தெரியும்.