93 குறிப்புகளில் ஒரு மனிதர்: டேவிட் சூஷேயின் வேலைமுறை

நம் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தால், முதல் காட்சியில் "ஓம்" என்பார், மூன்றாவது காட்சியில் "ஆமா"வுக்கு இறங்கிவிடுவார். கோபம் வந்துவிட்டால் சுத்தமாகத் தெம்பனிஸ்காரர்தான். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வேடம் என்றால் திருநீறு சரியாக இருக்கும், உட்காரும் விதம் மட்டும் அலுவலக நாற்காலிக்காரருடையது. படப்பிடிப்புக்கு முதல் நாள் வசனம் கைக்கு வந்தால் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் இந்தச் சிக்கலை 25 ஆண்டுகள் சமாளித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்ததில் முக்கால்வாசிக்குக் காசே தேவையில்லை.

ஆங்கில நடிகர் டேவிட் சூஷே 1946 மே 2 அன்று லண்டனில் பிறந்தவர். அப்பா மகப்பேற்று மருத்துவர், தாய்வழித் தாத்தா பத்திரிகைப் புகைப்படக்காரர், அண்ணன் ஜான் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். லண்டனின் லாம்டா நாடகப் பள்ளியில் நடிப்புப் படித்து, ஊர் ஊராக நாடக அரங்குகளில் வேலை பார்த்து, 1973இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். ஊர் மாறிக்கொண்டே இருந்ததால் அவரும் மனைவியும் சில ஆண்டுகள் கால்வாய்ப் படகிலேயே குடியிருந்தார்கள். மேடையில் ஷேக்ஸ்பியரின் ஷைலக், இயாகோ என்று கனமான வேடங்கள். 1985இல் பீட்டர் உஸ்தினோவ், அகதா கிறிஸ்டி கதைகளின் துப்பறிவாளர் புவாரோவாக நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்றில் இவர் இன்ஸ்பெக்டர் ஜாப். தம் நடிப்பிலேயே மோசமானது அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஐடிவியின் தொடருக்காக அதே புவாரோ வேடம் இவரைத் தேடி வந்தது. அண்ணனிடம் கேட்டார், அந்தப் பக்கமே போகாதே என்றார் அண்ணன். தம்பி கேட்கவில்லை. அகதா கிறிஸ்டியின் புவாரோ கதைகளை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க, அந்த ஆளைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் எண் போட்டு எழுதினார். 93 குறிப்புகள் சேர்ந்தன. முதல் குறிப்பு: பெல்ஜியக்காரர், பிரெஞ்சுக்காரர் அல்ல. காப்பியில் நான்கு கட்டி சர்க்கரை, சில சமயம் மூன்று, ஓரிரு முறை ஐந்து. கூர்முனை வைத்த, காலை இறுக்கும் பளபளப்புக் காலணி. கை குலுக்கும்போதும் தலை வணங்குவார்.

பட்டியலில் "அன்பானவர்", "புத்திசாலி" என்ற ரகக் குறிப்புகளை மட்டும் எழுதி வைத்தால் படப்பிடிப்புத் தளத்தில் எதற்கும் உதவாது. எத்தனை கட்டி சர்க்கரை என்று எழுதியிருந்தால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. செட்டியாருக்கு எழுதுவதானால் பேரேட்டை எந்தக் கையால் புரட்டுவார், பெட்டிச் சாவி இடுப்பில் எந்தப் பக்கம் தொங்கும், கடன் கேட்டு வந்தவரிடம் முதலில் எதை விசாரிப்பார் என்றுதான் தொடங்க வேண்டும்.

குரல் அடுத்து. சூஷேயின் இயல்பான குரல் நெஞ்சிலிருந்து வரும் கட்டைக் குரல். புவாரோ மூளையால் வாழ்கிற மனிதர் என்பதால் ஒலியை நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றினார். பெல்ஜிய, பிரெஞ்சு வானொலிப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு உச்சரிப்பைப் பழகினார். இங்கே வரிசை முக்கியம். முதலில் ஒலி உடம்பில் எங்கிருந்து எழுகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும், சொற்கள் அதற்குப் பிறகுதான். சொற்களை மட்டும் மாற்றினால் கோபத்திலும் அழுகையிலும் பழைய மூச்சு திரும்பும், அதோடு பழைய உச்சரிப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். "ஓம்" காணாமல் போவது இப்படித்தான்.

நடைக்கு நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சொன்னதாக வழங்கும் உபாயம் ஒன்றைக் கையாண்டார்: பின்புறத்தில் ஒரு நாணயத்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடப்பது. சிரிப்பு வரும், ஆனால் செய்து பார்த்தால் தெரியும். தொடை இறுகி, அடி சின்னதாகி, முழங்காலுக்குக் கீழே மட்டும் கால் ஓடும்.

வயிறு, நெஞ்சு, முதுகு எல்லாம் பஞ்சுத் திணிப்பு. இங்கிலாந்தில் கோடையிலேயே அது அவஸ்தை என்றால் நம்மூர் வெளிப்புறப் படப்பிடிப்பில் சொல்லவே வேண்டாம். திணிப்புக்கு உள்ளே பருத்திப் பனியன் கட்டாயம், மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும். ஒட்டு மீசை நம் ஈரக்காற்றில் முதலில் கிளம்புவது மூக்குக்குக் கீழேயும் வாயின் ஓரங்களிலும்தான்: ஒன்று வியர்க்கும் இடம், மற்றது அசையும் இடம். மேலுதட்டை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையை மெல்லியதாகப் பூசி, அது பிசுபிசுக்கும் வரை காத்திருந்து, ஈரத் துணியால் அழுத்த வேண்டும். விரலால் அழுத்தினால் மீசை விரலோடு வந்துவிடும். ஈரப்பசையோடு அவசரமாக ஒட்டினால் இரண்டாவது காட்சிக்குள் ஓரம் தூக்கும்.

1988 கோடையில் டிவிக்கன்ஹாம் ஸ்டூடியோவை மையமாக வைத்து முதல் பத்துக் கதைகளைப் படமாக்கினார்கள். அப்போதே ஒரு சண்டை. பூங்கா பெஞ்சில் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவேன் என்றார் சூஷே. கேலியாகத் தெரியும் என்றார் இயக்குநர். தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மன் நடிகர் பக்கம் நின்றார். கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் ஏற்கெனவே சூஷேயிடம் சொல்லி வைத்திருந்தார்: பார்ப்பவர்கள் புவாரோவோடு சேர்ந்து புன்னகைக்கலாம், அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கைக்குட்டையை நகைச்சுவைக்காக விரித்திருந்தால் இயக்குநர் சொன்னதுதான் நடந்திருக்கும். சூஷே அதைக் காற்சட்டை அழுக்காகிவிடுமே என்ற உண்மையான கவலையோடு விரித்தார்.

1989 ஜனவரியில் ஒளிபரப்புத் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் தொடர் நின்று போனதும் உண்டு. அடுத்த வரிசைக்கு அழைப்பு வருமா என்பது ஒவ்வொரு முறையும் நிச்சயமில்லைதான். 2013இல் முடிந்தபோது மொத்தம் 70 கதைகள். புவாரோ இறக்கும் 'கர்ட்டன்' கடைசியாக ஒளிபரப்பானாலும், இறுதி வரிசையில் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். சாவோடு விடைபெற சூஷேக்கு மனமில்லை. கடைசி நாள் படப்பிடிப்பு டெவனில், கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில்.

நடிப்புப் பழகுகிறவர்கள் முதல் வரிசையில் ஏதாவது ஒரு கதையையும் 'கர்ட்டன்'ஐயும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. குரலைக் குறைத்து, உடம்பை ஒடுக்கி, பட்டியலில் எதை எதை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். அதோடு 2007இல் அவர் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லாக நடித்த படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனைத்துலக எம்மி விருது வாங்கித் தந்தது அது. அதில் குரல் மறுபடி நெஞ்சுக்கு இறங்கியிருக்கும். நாணய நடையின் சுவடே இருக்காது.