ஷன்ட் ஓடுகிறது, ஆள் பேசவில்லை: மருந்துக் குறிப்புகள்

ஜூன் 3
ஹைட்ரோசெபாலஸ், அதாவது மூளையின் உள்ளறைகளில் (வென்ட்ரிக்கிள்) நீர் தேங்குவது. அந்த நீரை வடிக்கும் குழாயான ஷன்ட் அடைத்திருந்தது, மாற்றியாயிற்று. கண் திறந்திருக்கிறது, நடப்பவர் பின்னாலேயே பார்வை போகிறது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதில்லை, ஆனால் பக்கவாதமும் இல்லை. இதுதான் அகைனடிக் மியூட்டிசம்: விழித்திருந்தும் தானாக அசையாமல், பேசாமல் இருக்கும் நிலை. 1941இல் மூளை அறுவை மருத்துவர் கெய்ர்ன்ஸின் குழு முதலில் விவரித்ததும் மூன்றாவது வென்ட்ரிக்கிளில் நீர்க்கட்டி இருந்த ஒரு சிறுமியைத்தான். நீரை உறிஞ்சி எடுத்ததும் தெளிந்தாள்.

கேள்வி கேட்டால் அரை நிமிடமாவது காத்திருங்கள். போனைக் காதில் வைத்தும் பாருங்கள். நேரில் வாய் திறக்காத சிலர் போனில் பதில் சொல்வதுண்டு.

ஜூன் 4
மாத்திரைக்கு முன் மூளை அழுத்தத்தைப் பார்க்கணும். பழைய சிடியோடு புதியதை ஒப்பிட வேண்டும். வென்ட்ரிக்கிள் பெரிதாகவில்லை என்பதை மட்டும் வைத்து ஷன்ட் ஓடுகிறது என்று முடிவு கட்ட முடியாது. ஷன்ட்டில் இருப்பது வெளியிலிருந்தே அழுத்த அளவை மாற்றக்கூடிய புரோகிராமபிள் வால்வு என்றால் எம்ஆர்ஐக்குப் பிறகு அதன் அளவைச் சரிபார்க்கணும். சில வால்வுகளில் காந்தம் அதை மாற்றிவிடும். ரத்தச் சோடியம், ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) இரண்டும் அவசியம். கட்டடோனியா (அசைவும் பேச்சும் உறைந்துபோகும் வேறொரு நிலை) சந்தேகம் இருந்தால் அதைத் தளர்த்தும் லோராசிபாம் 1-2 மி.கி. ஊசி போட்டுப் பார்ப்பார்கள்.

ஜூன் 6
அசைவுக்கும் முனைப்புக்கும் தேவையான மூளை வேதிப்பொருள் டோபமைன். நடுமூளையிலிருந்து மேலே போகும் டோபமைன் இழைகள் மூன்றாவது வென்ட்ரிக்கிளை ஒட்டியே ஓடுகின்றன. வென்ட்ரிக்கிள் வீங்கினால் அவை இழுபடும். மூளையில் டோபமைனாக மாறும் மருந்தான லெவோடோபா பலிக்க நரம்பு முனைகள் மிச்சம் இருக்கவேண்டும். புரோமோகிரிப்டின் டோபமைன் போலவே நேராக அதன் ஏற்பியையே பிடிக்கும். எனவே முதலாவது பலிக்காததால் இரண்டாவதைக் கைவிடக் கூடாது. ஆதாரம் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் அறிக்கைகள்தான், பெரிய ஆய்வுகள் இல்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் சேதத்தில் டோபமைன் அகோனிஸ்ட் (புரோமோகிரிப்டின் வகை மருந்து) பலித்ததை ராஸும் ஸ்டூவர்ட்டும் 1981இல் எழுதினார்கள்.

ஜூன் 9
எல்லோரும் தடுக்கி விழும் இடம். லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. கொண்ட '110' மாத்திரை மூன்று வேளை கொடுத்தால் கார்பிடோபா மொத்தம் 30 மி.கி.தான். மூளைக்கு வெளியே லெவோடோபா வீணாவதைத் தடுக்க கார்பிடோபா நாளுக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். அது போதாமல் வாந்தி வருகிறது, உடனே வாந்தி மருந்தான மெட்டோகுளோபிரமைடு எழுதிவிடுகிறார்கள். அது மூளையிலேயே டோபமைனை அடைத்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்குகிறது. '125'ஐ (லெவோடோபா 100, கார்பிடோபா 25) பாதி மாத்திரையில் தொடங்கலாம். வாந்திக்கு ஈசிஜி பார்த்து டாம்பெரிடோன். மருந்துச் சீட்டில் அதேபோல் டோபமைனை அடைக்கும் ஹாலோபெரிடால் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்.

ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) என்றால் சாதா மாத்திரையை மட்டும் பொடித்து நீரில் கரைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது. முன்னும் பின்னும் டியூபை நீர் விட்டுக் கழுவணும். புரதம் உறிஞ்சலில் போட்டியிடும், ஆகவே பால், புரதக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே மருந்து. இரும்புச் சத்து மாத்திரை இரண்டு மணி நேரம் தள்ளி.

ஜூன் 14
புரோமோகிரிப்டின்: இரவு உணவுடன் 1.25 மி.கி., சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றம். படுத்தும் உட்காரவைத்தும் பிபி பார்க்காமல் அடுத்த படி வேண்டாம். காசநோய் மூளைக்காய்ச்சலால் வந்த ஹைட்ரோசெபாலஸ் நம் ஊரில் சகஜம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் புரோமோகிரிப்டின் அளவைக் குறைத்துவிடும், ஆன்டிபயாட்டிக்கான கிளாரித்ரோமைசின் கூட்டிவிடும். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட்டோடு வரும் வைட்டமின் பி6, கார்பிடோபா கூடவே இருந்தால் லெவோடோபாவைக் கெடுக்காது.

ஜூன் 20
குழப்பம், மாயக்காட்சி வந்தால் முதலில் அளவைக் குறைக்கணும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் உடல் விறைப்புமாக ஆபத்தாகிவிடும், படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். பேசத் தொடங்கியவர் மறுபடி மௌனமானால் மாத்திரையை ஏற்றாதீர்கள். அன்றே சிடி எடுத்து ஷன்ட்டைப் பாருங்கள்.